ரிசல்ட்டுக்கு முன்னால் மாற்றிய தட்டு

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் தன் அக்கா மகளைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் பெண்கள் மட்டுமே படிக்கும் ஒரு கலைக் கல்லூரிக்கு அவள் மனுப் போட்டிருக்கிறாளாம். மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு போடுகிற மனு. இடம் கொடுத்தால் வேறெங்கும் போகாமல் அங்கேயே சேருவேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். "புதுசு புதுசா என்னென்னவோ கண்டுபிடிக்கிறாங்க மேடம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. புதுச்சத்திரத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுபதுகளின் நடுவிலேயே அதைச் சேலத்தில் செய்துவிட்டார். கையெழுத்துக்குப் பதிலாகத் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. அதைக் கல்லூரியின் சார்பில் வாங்கி வைத்துக்கொண்ட புத்திசாலி நான்தான்.

சேர்க்கை ஜன்னலில் இனி நீங்கள் உட்காரப் போகிறீர்கள். பதிவேடு, வரிசை எண், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் ஒரு மாதத்தில் கை தானாகச் செய்யும். அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மே மாதம். அந்தக் காலத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடியும். அதன் பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்து, ரிசல்ட் வராத நேரம். எங்கள் மனுப் படிவங்களே அச்சகத்திலிருந்து வரவில்லை. பிரின்சிபால் அம்மா பல்கலைக்கழகக் கூட்டத்துக்கு மெட்ராஸ் போயிருந்தார். சூப்பரின்டென்டென்ட் தன் மகள் கல்யாணத்துக்கு லீவு. அன்றைக்குக் கல்லூரி என்றால் நானும் அட்டெண்டர் கண்ணம்மாவும்தான்.

பத்து மணி வாக்கில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற லாரி. பின்கதவைத் திறந்தார்கள். ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் எண்ணினேன், பதினான்கு பேர். பெண்களில் பெரியவர்கள் எல்லாரும் பட்டுச் சேலையில்.

"ஏதோ கல்யாண கோஷ்டிம்மா. மண்டபம்னு நெனச்சு எறங்கிட்டாங்க. நான் போயி சொல்லிட்டு வரேன்" என்று போனாள் கண்ணம்மா. போனவள் பதினான்கு பேரோடு திரும்பி வந்தாள். "இல்லம்மா. காலேஜைத்தான் பாக்க வந்திருக்காங்களாம்."

முன்னால் நின்றவர் நாச்சிமுத்து. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கறுத்த முகத்தில் பெரிய மீசை. கை கூப்பினார்.

"நமக்குப் புதுச்சத்திரம் பக்கமுங்க. எம்புள்ள தங்கமணி பதினொண்ணு எழுதியிருக்குதுங்க. காலேஜுக்குப் போறேன்னு ஒரே புடியா நிக்குது. ஒரு எடத்துல குடுக்கறதுக்கு முந்தி நாலு பேரு வந்து பாக்கறதுதானுங்களே மொறை?"

நான் என்ன சொல்வேன்? "பாருங்க" என்றேன்.

அவருடைய அக்கா பாவாயியம்மாள் என் பக்கத்திலேயே நடந்தார். ஐந்து நிமிடத்தில் முழுக் கதையையும் அவரே சொல்லிவிட்டார். அவருடைய மகனுக்குத்தான் தங்கமணி முறைப்பெண். ஆவணியில் கல்யாணம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இப்போது இந்தப் பெண் படிப்பு என்று கிளம்பியதால் தம்பி இரண்டு மனமாக இருக்கிறார். காலேஜ் நன்றாக இருந்து, அவர்கள் வார்த்தையும் கொடுத்தால் படிப்பு. இல்லாவிட்டால் ஆவணி. பாவாயியம்மாள் குறை கண்டுபிடிப்பதற்காகவே முந்தின நாளே வந்து தம்பி வீட்டில் தங்கிப் புறப்பட்டிருந்தார்.

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார். மூலையில் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஆருங்க?"

"பாடம் நடத்தறதுக்கு வச்சிருக்கோங்க."

"அது தெரியுது. முந்தி ஆரா இருந்துச்சு? இங்க படிச்ச புள்ளைங்களா?"

அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக் கண்ணம்மா குறுக்கே வந்தாள். "சேச்சே, இல்லீங்கம்மா. இது ஆம்பளை."

பாவாயியம்மாள் அப்படியே நின்றுவிட்டார். "நாச்சிமுத்து! பொம்பளைப் புள்ளைக காலேஜுன்னயே, உள்ளுக்குள்ளயே ஒரு ஆம்பளை இருக்கறானப்பா!"

அங்கிருந்து விடுதிச் சமையலறை. கடைசி வருடப் பெண்கள் சிலர் பரீட்சைக்காகத் தங்கியிருந்ததால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாவாயியம்மாள் கரண்டியில் பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "உப்புத்தண்ணி. இதுல பருப்பு வேகவே வேகாது" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மிணி எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ.ங்க."

"கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"பாத்துக்கப்பா நாச்சிமுத்து" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நாச்சிமுத்துவின் முகம் வாடிவிட்டது. நான் முதல்முறையாக அந்தப் பெண்ணைக் கவனித்தேன். கூட்டத்தின் கடைசியில், நீலத் தாவணியில், ஒட்டிப்போன கன்னத்தோடு நின்றாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நூலகத்தைக் கடந்தபோது அந்தக் கும்பலில் அவள் ஒருத்திதான் நின்று புத்தகங்களைப் பார்த்தாள். பார்த்தது ஒரு நொடிதான். யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார்கள்.

எல்லாரும் அலுவலகத்துக்குத் திரும்பினோம். நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டினார். அவர் மனைவி ஒரு பித்தளைத் தட்டை என் மேஜையில் வைத்தார். தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கற்கண்டு.

"எங்கக்கா சொல்றதெல்லாம் இருக்கட்டுமுங்க. எனக்கு மனசுக்குப் புடிச்சுப் போச்சு. இனி நாங்க வேற காலேஜு வாசப்படி மிதிக்க மாட்டோமுங்க. நீங்களும் எம்புள்ள எடத்தை வேற ஆருக்கும் குடுக்கப்படாது. தட்டை எடுத்துக்கோங்க அம்மிணி."

மனுப் படிவம் இல்லை. ரிசல்ட் இல்லை. இடம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. இந்த மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். "பிரின்சிபால் வரட்டுங்க" என்ற இரண்டு சொற்களைச் சொன்னால் போதும் என்பதும் தெரியும். ஆனால் பாவாயியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, நான் தடுமாறுவதற்காகக் காத்திருந்தார். அந்தப் பெண் கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தும் கல்யாணம் ஆகாதவள் என்று பதினான்கு பேர் முன்னால் பேச்சு வாங்கிய ரோஷமும் எனக்கு இருந்தது. இரண்டு கையாலும் தட்டை வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகும் யாரும் நகரவில்லை. கண்ணம்மா என் காதருகே குனிந்தாள். "எதிர்த்தட்டுக்காக நிக்கறாங்கம்மா. நாமளும் ஒண்ணு குடுக்கணும்."

அலுவலகத்தில் இருந்தது காபி கொண்டு வரும் எவர்சில்வர் தட்டு ஒன்றுதான். அதில் போன வருடக் கல்லூரிக் கையேடு, ஒரு புதுப் பேனா, கண்ணம்மா தன் பையிலிருந்து எடுத்த ஒரு எலுமிச்சம்பழம் மூன்றையும் வைத்து நீட்டினேன். நாச்சிமுத்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாவாயியம்மாள் விறுவிறுவென்று போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் அமைதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் ராசிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் தட்டோடு வந்தது. அன்று மாலையே திருச்செங்கோட்டிலிருந்து இன்னொன்று. "அங்க ரிசல்ட்டெல்லாம் பாக்கறதில்லை, தட்டு மாத்துனாப் போதும்" என்று பேச்சுப் பரவிவிட்டது. இவர்களிடம் நான் உஷாராக மறுத்தேன். "அவிங்களுக்கு மாத்துனீங்க, நாங்க எதுல கொறைஞ்சு போயிட்டோமுங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். பிரின்சிபால் அம்மா மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய காலையில், வராந்தாவில் நான்கு குடும்பங்கள் ஆளுக்கொரு தேங்காயோடு வரிசையில் உட்கார்ந்திருந்தன.

அந்த அம்மா குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அதுதான் பயம். நான்கு குடும்பங்களிடமும் தனித்தனியாகப் பேசி, ரிசல்ட் வந்த பிறகு படிவத்தோடு வரச் சொல்லி, தேங்காயைப் போகிற வழியில் கோயிலில் உடைக்கச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதல் தேங்காய் எங்கே?"

"விடுதியில சட்னி அரைச்சுட்டாங்க மேடம்."

"அப்ப திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை." மேஜைக் காகிதங்களை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அந்த மனுஷர் வேறெங்கேயும் மனுப் போட மாட்டார், இல்லையா?"

"மாட்டேன்னுதான் சொன்னாருங்க மேடம்."

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு மார்க் குறைஞ்சா நான் இடம் தர முடியாது. தரவும் மாட்டேன். அவளைவிட அதிகம் வாங்கினவ ஒருத்தி வெளியே நிப்பா. ஆக, நீ கொடுத்த வார்த்தை அவரைக் கட்டிப் போட்டிருக்கு, கல்லூரி மட்டும் கைவீசி நடக்குது. இது நியாயமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கைக்குட்டை எதுவும் நீட்டவில்லை.

"நீயே நேரில் போ. கடிதம் வேண்டாம், கடிதத்தை யாராவது படிச்சுக் காட்டுவாங்க, மாத்திப் படிப்பாங்க. கொடுத்தது உன் வார்த்தை, கல்லூரி வார்த்தை இல்லைன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

நாமக்கல் பஸ் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கி, காய்ந்த காட்டு வழியே இரண்டு மைல் நடந்தேன். பஸ் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீட்டு வாசலை மிதித்ததும் நாச்சிமுத்து உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏம்புள்ள! சம்பந்தியூட்டுல இருந்து வந்திருக்காங்க! எலையைப் போடு!"

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. உட்கார வைத்து நெய் ஊற்றி ஒப்புட்டு வைத்தார்கள், அதுதான் போளி. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "காலேஜுக்கார அம்மிணி இதுதானா?" என்று என் ஜடையைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது ஒப்புட்டைத் தின்னும்போது, பேசாமல் திரும்பிப் போய் "சொல்லிட்டேன் மேடம்" என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மூன்றாவதை வைக்க வந்தபோது கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டிச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் கொடுத்தது கல்லூரியோட வார்த்தை இல்லீங்க. என் வார்த்தை. எனக்கு இடம் கொடுக்கிற அதிகாரம் கிடையாது. மார்க் வந்தாத்தான் தெரியும். நான் பண்ணினது தப்புங்க."

ஒப்புட்டோடு நின்ற கை அப்படியே நின்றது. நாச்சிமுத்து என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்குப் புரியவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தட்டை வாங்குனீங்களே, அம்மிணி?"

"வாங்கினேங்க."

அந்த நேரத்தில்தான் உள்ளறையிலிருந்து பாவாயியம்மாள் வெளியே வந்தார். அவரும் அன்று அங்கே வந்திருந்தது எனக்குத் தெரியாது. 'சரி, இனி ஆவணிக் கல்யாணம் நடந்த மாதிரிதான்' என்று நினைத்துக்கொண்டேன். நூலகத்தின் முன்னால் நின்ற அந்த முகம் கண்ணுக்குள் வந்தது.

"அக்கா, கேட்டியா? எடம் உறுதியில்லையாமா" என்றார் நாச்சிமுத்து. "பேசாம உம்பையனுக்கே..."

"எம்பையனுக்கா?" பாவாயியம்மாள் சீறினார். "நான் பக்கத்துல நிக்கையிலயே இன்னொரு எடத்துல தட்டு மாத்துன புள்ளைய எம்பையனுக்குக் கட்டறதா? காலேஜா இருந்தா என்ன, கலெக்டரூடா இருந்தா என்ன, தட்டு தட்டுதானப்பா. எம்பையனுக்குப் பரமத்தியில பொண்ணு பாத்தாச்சு. புதங்கெழமை நிச்சயம். அதைச் சொல்லிட்டுப் போலாமின்னுதான் வந்தேன்."

சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து தனக்கும் ஒரு இலை போடச் சொன்னார்.

ஆக, நான் ஒரே தட்டில் ஒரு கல்யாணத்தையும் கெடுத்துவிட்டேன், இடத்தையும் கொடுக்கவில்லை. "நாமக்கல்லுக்கோ ஈரோட்டுக்கோ ஒரு மனுப் போட்டு வையுங்க, நானே படிவம் வாங்கி அனுப்பறேன்" என்று நாச்சிமுத்துவிடம் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். "ஒரு புள்ளைக்கு ரெண்டு எடத்துல தட்டு மாத்தற சனம் நாங்க இல்லீங்க. உங்க வார்த்தை உங்களோடது. எம்பட வார்த்தை அப்படியேதான் இருக்குது."

தங்கமணி ஊர் எல்லை வரை என்னோடு வந்தாள். "கவலைப்படாதீங்கக்கா" என்றாள். நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

அடுத்த ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிகளே, தங்கைகளே, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "ஆகட்டும், பார்த்துக்கலாம்" என்று நாம் சும்மா சொல்வோம். நாம் சொன்னது டீ குடித்ததும் மறந்துவிடும். அந்தப் பக்கம் நிற்பவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அதன் மேல் வருஷத்தையே கட்டுவார். கொடுக்க முடியாததைக் கொடுப்பதுபோல் சொல்வதைவிட, முகம் சுளித்து "இல்லை" என்று சொல்பவர் புண்ணியவான்.

ரிசல்ட் வந்தது. தங்கமணி பாஸ். தபாலில் அவள் படிவம் வந்த அன்று, உறையைப் பிரித்து முதலில் மார்க்கைத்தான் பார்த்தேன். தமிழும் சரித்திரமும் பிரமாதம். கணக்கு கரையேறியிருந்தது, அவ்வளவுதான். பிரின்சிபால் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார். முதல் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். வரலாற்றுப் பிரிவில் கடைசிப் பெயரை அடித்து முடித்தேன். அவள் பெயர் இல்லை. பத்து நாள் கழித்து, சேராதவர்களின் இடங்களுக்கு இரண்டாம் பட்டியல். அதில் ஏழு பெயர். ஆறாவது, என். தங்கமணி. அந்த ஒரு வரியை அடிக்கும்போது மூன்று முறை தப்பு விட்டேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே நாச்சிமுத்து மகளோடு வந்துவிட்டார். இந்த முறை லாரி இல்லை, பஸ். என் ஜன்னலுக்கு வராமல் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போய், கடிதத்தை நீட்டிக் கேட்டார்.

"இது உங்க வார்த்தைங்களா, அந்த அம்மிணி வார்த்தைங்களா?"

அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "ரெண்டும் இல்லைங்க. உங்க மகளே பரீட்சை எழுதி வாங்கினது. எங்களுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மகிழ்ச்சியைக் கண்ணம்மாவிடம் சொல்ல வெளியே போனார். சேர்க்கைப் படிவத்தை நிரப்பத் தங்கமணி என் மேஜைக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்து, மூலையில் பெயரை முத்து முத்தாக எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"சேலத்துக் காலேஜுல முன்கூட்டியே தட்டு மாத்தி உறுதி பண்ணிக்கோணும்னு எங்கப்பாருகிட்டச் சொன்னது நாந்தானுங்க. எங்கப்பாருக்கு அதெல்லாம் தோணாதுங்க."

"தட்டு வெச்சா சீட்டுக் கிடைச்சிரும்னு நெனச்சியா?"

"அது எப்படிங்கக்கா கெடைக்கும்? மார்க்குக்குத்தானுங்களே சீட்டு." என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தாள். "வேற எடத்துல தட்டு மாத்துன புள்ளையப் பாவாயி அத்தை எடுக்க மாட்டாங்க. அது எனக்கு நல்லாத் தெரியுமுங்க. அத்தையையும் கூட்டிட்டுப் போலாமுங்கப்பான்னு சொன்னதும் நாந்தானுங்க."

"சரி. இடம் கிடைக்காமப் போயிருந்தா?"

"அடுத்த வருசம் மனுப் போட்டிருப்பனுங்க." பேனாவை ஒரு தடவை உதறி மறுபடி எழுதத் தொடங்கினாள். "அக்கா, 'தாய்மொழி'ங்கற எடத்துல தமிழ்னு போட்டாப் போதுமுங்களா?"

போதும் என்றேன். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "ஏனுங்க, அடுத்த ஆளு வரலாமுங்களா?" என்றார்.